பதினொரு மாதத்துக்கு ஒரு நாள்

வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டேன் என்று நான் மாடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே என் வீட்டு அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. வீட்டுக்காரர் வாசுதேவன் ஸார் காதிலும் அது விழுந்தது. "பரிப்பா?" என்று கேட்டார். பருப்புதான் என்றேன். "ம்ம். டேட் மறக்கண்டா" என்று காகிதத்தின் அடிப்பகுதியை விரலால் தொட்டுக் காட்டினார். தேதி போட்டேன். அவர் கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்து, தானாகப் படம் எடுக்கும்படி அமைத்துவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். ஆளுக்கொரு முனையாகச் சாவியைப் பிடித்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தோம். பிறகு சாவியைக் கூடத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். நான் கீழே வந்து, மனைவி மகளோடு சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அமுக்குப் பூட்டை அமுக்கிவிட்டுத் தென்காசி பஸ் ஏறினேன். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து அதே சாவியை வாங்கிக்கொள்வது வழக்கம்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது என்ன கூத்து என்று தோன்றும். வாடகை ஒப்பந்தம் ஒரு வருடமாகிவிட்டால் பதிவு செய்ய வேண்டும் என்று எல்லா ஊரிலும் பதினொரு மாதத்துக்கு எழுதுவார்கள். அது உங்களுக்கும் தெரியும். ஸார் அதற்கும் ஒரு படி மேலே. அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே ஆயுசைக் கழித்தவர். ஒரே ஆள் தொடர்ந்து குடியிருந்தால் பிறகு கிளப்புவது கஷ்டம், நடுவில் ஒரு ராத்திரியாவது வீடு சொந்தக்காரன் கைக்கு வந்துபோக வேண்டும் என்று யாரோ கோர்ட் குமாஸ்தா அவருக்குச் சொல்லிவிட்டார். அதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டார். "ஒரு ஃபார்மாலிட்டி, முருகேசன். வெறும் ஃபார்மாலிட்டி" என்பார். நான் திருவனந்தபுரம் மணக்காட்டில் வீடு தேடிய காலத்தில் தமிழனா, எத்தனை பேர், விருந்தாளி நிறைய வருவார்களா என்று ஒவ்வொரு வாசலிலும் விசாரணை நடக்கும். ஸார் ஒருவர்தான் எதையும் கேட்காமல், "ஒப்பு இடுமோ?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டால் போதும் என்றால் யார்தான் போடமாட்டார்கள்.

அதனால் நாங்கள் ஊருக்குப் போவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று இல்லாமல் ஒப்பந்தத்துக்கு என்றாகிவிட்டது. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அந்த நாள் வருடந்தோறும் ஒரு மாதம் பின்னால் நகரும். முதல் தடவை ஐப்பசியில் போனோம், அடுத்தது புரட்டாசி, அதற்கடுத்தது ஆவணி. ஆடியில் போனபோது குற்றாலச் சாரல் கிடைத்தது. "என்னடே, ஒனக்கு மட்டும் தனிப் பஞ்சாங்கமா?" என்று என் மச்சான் கிண்டல் செய்வான். ஒன்பதாவது தடவை மாசியில் வந்து விழுந்தது. மகள் ரேவதிக்குப் பிளஸ் டூ பரீட்சை தொடங்க மூன்று நாள். படிப்பு கெடும் என்று மனைவி செல்வி முணுமுணுத்தாள். "ஒரு நாள்தானம்மா, படிச்சாச்சு கேட்டோ" என்று ரேவதிதான் சமாதானம் சொன்னாள். ஹால் டிக்கெட்டை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்காசியில் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று எனக்கு உண்டு. அதில் ஜெபமணி என்கிற பள்ளிக்கூட வேன் டிரைவர், மனைவி மேரி, இரண்டு பெண் குழந்தைகளுடன் வாடகைக்கு இருக்கிறார். ஸாரிடம் நாலாவது தடவை கையெழுத்துப் போட்டபோதே எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் காகிதத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, நான் இங்கே சாவியைக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்குப் போகும் அதே நாளில் ஜெபமணி எனக்குச் சாவியைக் கொடுப்பார். வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடுவார். போட்டோவும் உண்டு. அன்று ராத்திரி அவர்கள் வெளியே போய்விடுவார்கள், நாங்கள் மூவரும் அங்கே படுப்போம். மேரியின் பாத்திரங்கள், குழந்தைகளின் பைகள், மாதா படம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மறுநாள் காலை அவர்கள் வந்து புதுக் காகிதத்தில் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். மலையாளியிடம் கற்ற வித்தை என்று ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் பலசரக்கு மொத்தக்கடையில் பெருமையடித்துக்கூட இருக்கிறேன்.

இந்தத் தடவை அதில் ஒரு காரியமும் சேர்ந்திருந்தது. செல்விக்குத் திருவனந்தபுரத்திலேயே சொந்தமாக ஒரு கூரை வேண்டும். ரேவதி இனி தென்காசிக்குத் திரும்பப் போவதில்லை என்பது அவள் பேசுகிற தமிழிலேயே தெரிந்துவிட்டது. தென்காசி வீட்டை விற்றுக் கழக்கூட்டம் பக்கம் பழைய ஃபிளாட் ஒன்று பார்க்கலாம் என்று இருந்தோம். "ஆள் குடியிருக்குத வீடுன்னா வாங்குதவன் யோசிப்பான் அண்ணாச்சி. காலியாக் காட்டுங்க. காயிதம்தான் கைல இருக்குல்லா" என்றார் ஊர்த் தரகர். நாங்கள் அங்கே படுத்து எழுந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவருக்கு வீடு பிடித்தது. புதன்கிழமை மனைவியோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார். நானும் புதன்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஜெபமணி சாவிக்கு வந்தார். ஒயரிங்கில் ஏதோ கோளாறு, ஆள் வந்து பார்க்க வேண்டும், மூன்று நாள் பொறுங்கள் என்றேன். மனிதர் மீட்டர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான எரிஞ்சிது" என்றார். பிறகு, "சரி அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு யூனிபாரத்த மட்டும் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். மறுபடி உள்ளே விட்டால் பேச்சு வளரும் என்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகியிருக்கவில்லை. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மணக்காட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது கேட்டுக்கு வெளியே செருப்புகளாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் வந்து, "ஸார் போயி, முருகேசா. இன்னலெ வைகிட்டு" என்றார். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாள் என் தோளை உரசிக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட மனிதர். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று மாதம் தவறாமல் வந்து திறந்து பார்ப்பவர். அப்படியே நின்றேன். அப்போதுதான் என் வீட்டு வாசலைப் பார்த்தேன். துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை என் கதவின்மேல் அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கை தானாகப் பைக்குள் போனது. விரலில் ஒரு சாவி தட்டியது. அது இந்தக் கதவுக்கு உரியதல்ல.

மாடிக்குப் போனேன். கூடத்தில் ஸாரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. அதற்கு நேர் மேலே, ஆணியில், என் வீட்டுச் சாவி தொங்கியது. சிவப்பு நூலில் ஒரு அட்டைத் துண்டு கட்டி, 'கீழ் வீடு, ஒழிஞ்ஞது', அதாவது காலியானது, என்று ஸார் தம் கையால் எழுதித் தேதியும் போட்டிருந்தார். நான் கும்பிட்டது அவரைத்தான், ஆனால் கண் ஆணியை விட்டு நகரவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் அனில் விடியற்காலையிலேயே வந்து சேர்ந்திருந்தார். முன்பு பல வருடம் சென்னையில் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார், படிப்பார். நான் கீழ் வீட்டில் இருக்கும் முருகேசன் என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அச்சன் போட்டோ அனுப்பியிருந்தார். நேத்துதானே காலி பண்ணீங்க? போன பிறகும் கேட்டு வந்தீங்களே, ரொம்ப நன்றி" என்றார். சாவைச் சுமந்து நிற்கும் மனிதரிடம், நான் காலி செய்யவில்லை, அந்தச் சாவியை எடுத்துக் கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த நன்றியை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

அன்று ஆரியசாலையில் என்னோடு வேலை பார்க்கும் சங்கரன் வீட்டில் தங்கினோம். கீழே வற்றல் மிளகாய் குடோன், மேலே ஒற்றை அறை. செல்வி தும்மிக்கொண்டே இருந்தாள். "அப்பா, ஹால் டிக்கெட் உள்ள இருக்கு. செவ்வாய்க்கிழம எக்ஸாம் ஆணு" என்று ரேவதி மறுபடி மறுபடி சொன்னாள். கடை முதலாளி தமக்குத் தெரிந்த வக்கீல் அம்மாவிடம் போனில் பேசச் செய்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். கோர்ட் உத்தரவில்லாமல் உங்களை வெளியே நிறுத்த முடியாது, சாமான் உள்ளே இருப்பதே சாட்சி என்றார். "பக்‌ஷே, நிங்ஙளுடெ ஒப்பு ஒன்பதெண்ணம் உண்டு. ஒழிஞ்ஞு, ஒழிஞ்ஞு என்னு. நிங்ஙள் எந்தினா ஒப்பிட்டது?" என்று கேட்டார். ஒன்பது முறை ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றேன். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் மகள் கல்லூரி முடித்துவிடுவாள் என்றார். என்னைப்போல் இங்கே வாடகைக்கு இருக்கும் நம் ஊர்க்காரர்களே, சும்மாதானே என்று நீங்களும் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போய் எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஜெபமணி நாலு தடவை கூப்பிட்டிருந்தார். நான் எடுக்கவில்லை. எனக்கு இருக்கும் இடியில் இவர் வேறு என்று எரிச்சல்தான் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்த பிறகும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அனில் முன்னால் போய் நின்றோம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "கொண்டுபோக மறந்த சாமான் இருக்கா? தாராளமா எடுத்துக்கோங்க" என்றார். மறக்கவில்லை, நாங்களே இங்கேதான் இருக்கிறோம் என்றேன். குழப்பத்தோடு ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து திறந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கவிழ்த்த பாத்திரங்கள், கொடியில் துணி, தையல் மெஷின் ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கை, ரேவதி சுவரில் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணை. "இதுவா காலி பண்ணின வீடு?" என்றார். "சனிக்கிழமை அச்சன் சொன்னவுடனே புரோக்கர்கிட்ட வீடு காலின்னு சொல்லிட்டேன். அச்சன் என்கிட்ட பொய் சொல்லமாட்டார்." அப்பா போன அதிர்ச்சிக்கு மேல் இது ஒரு அதிர்ச்சி அவருக்கு. ரேவதி உள்ளே ஓடி ஹால் டிக்கெட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

எட்டு வருடமாக இதுதான் வழக்கம் என்று காட்ட, பீரோவிலிருந்து நீலக் கோப்பை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவசரத்தில் அதற்குள் வேறென்ன இருக்கிறது என்பதை மறந்தேபோனேன். அவர் ஸாரின் கையெழுத்துள்ள காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் தமிழ்க் காகிதங்கள் வந்தன. நின்று வாசித்தார். "இது அச்சன் எழுதினது மாதிரியே இருக்கு. யார் இந்த ஜெபமணி?" என்று கேட்டார். தென்காசி வீட்டில் என் வாடகைக்காரர் என்றேன். "இவர் காலி பண்ணிட்டாரா?" இல்லை, அங்கேதான் இருக்கிறார், இது வெறும் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் காகிதத்தைப் பார்த்தபடியே, "இதில் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு ராத்திரி இவர் எங்கே போவார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஆறு தடவை சாவி வாங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் திருவனந்தபுரத்தில் வீடு கொடுத்துவிட்டுத் தென்காசியில் வந்து படுத்துவிடுவேன். தென்காசியில் வீடு கொடுத்தவர் எங்கே படுப்பார் என்று தோன்றியதே இல்லை. சங்கரன் வீட்டு மிளகாய் நெடியில் நாங்கள் மூவரும் ஒடுங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அது மட்டுமா, அவருடைய சாவி அந்த நிமிடமும் என் பையில்தான் இருந்தது.

அனில் கோப்பை மூடினார். "நீங்களே சொல்லுங்க. இவர் காலி பண்ணினவர்னா, நீங்களும் காலி பண்ணினவர். நான் வீட்டை விற்கலாம். இவர் இப்பவும் உங்க வாடகைக்காரர்னா, நீங்களும் எங்க வாடகைக்காரர்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டார். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வரப்போகிற ஆள், கழக்கூட்டத்து ஃபிளாட் எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போயின. "அவர் காலி பண்ணல. அவர் வீட்டுச் சாவிய நான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவர் சாவியிலிருந்து அந்த அட்டைத் துண்டை அவிழ்த்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கையெழுத்து அல்லவா, தூக்கிப்போட மனம் வந்திருக்காது. சாவியை என்னிடம் தந்தார். "அச்சனோட பதினாறு கழியட்டும். இந்தக் குட்டியோட எக்ஸாமும் கழியட்டும். பின்னே உட்கார்ந்து ஒரு பேப்பர் எழுதலாம். இருந்தா இருக்காங்கன்னு எழுதுவோம். விற்கிறதா இருந்தாலும் சொல்லிட்டு விற்கிறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ரேவதியைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுத் தென்காசி பஸ் ஏறினேன். ஆரியங்காவு தாண்டி மலை இறங்கும்போது தரகரைக் கூப்பிட்டு, நாளைக்கு யாரையும் கூட்டி வர வேண்டாம், வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். "காயிதம் இருக்குன்னியள்லா?" என்றார். காகிதம் பொய் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். எட்டு வருடத்தில் முதன்முறையாக, ஒப்பந்தத்துக்கு இல்லாமல் அந்த மலையைக் கடந்தேன்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. ஜெபமணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மைதானத்து ஓரம் வேன் நின்றது. சன்னல் கம்பியில் துவைத்த துணி காய்ந்தது. மேரி படியில் உட்கார்ந்து, பேப்பர் விரித்துத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, ஒயரிங்கு சரியாயிட்டா?" என்றாள். மூன்று ராத்திரியும் இங்கேதானா என்று கேட்டேன். "எப்பவும் இங்கதான். மொதத் தடவ என் அக்கா வீட்டுக்குப் போனோம். வருசாவருசம் போயி நின்னா நல்லாவா இருக்கும்? வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாள். பிள்ளைகள் இரண்டு நாளாகக் கலர் உடுப்பில் பள்ளிக்கூடம் போய்த் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள்.

மேரியையும் ஜெபமணியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவரிடம் சாவியை நீட்டினேன். ஒயரிங் பொய், வீட்டை விற்கப் பார்த்தேன், தப்பு என்றேன். அவர் முகம் கறுத்தது. ஆனால் சாவியின் ஒரு முனையைப் பிடித்தவர், பழக்கத்தில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "போட்டோ எடுப்பியள்லா அண்ணாச்சி" என்றார். நான் சாவியை விட்டுவிட்டேன். கோப்பிலிருந்து எடுத்து வந்த ஐந்து, சனிக்கிழமை எழுதியது ஒன்று என்று ஆறு காகிதங்களையும் அவர் கையில் கொடுத்தேன்.

"சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்று மேரி அடுப்படிக்குள் போனாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். கால்சட்டைப் பையில் மணக்காட்டு வீட்டுச் சாவி இருந்தது. அதுவும் பரீட்சையும் பதினாறும் முடியும்வரைதான். ஜெபமணி எதிரே உட்கார்ந்து, காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் கூவியது. மூன்றாவது விசிலுக்கு நான் எழுந்துவிட்டேன், அடுப்பை அணைக்க. இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது மேரியின் அடுப்பு என்று உறைத்தது. அவளே அணைத்தாள். நான் திரும்பி வந்து, விருந்தாளிக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.